தாதியர் கல்வியும் தமிழர் கடமையும்

மகளைத் தாதியர் கல்விக்கு அனுப்பப் போவதாக ஒரு தந்தை வாய்திறந்தால், தமிழர் கூட்டத்தில் இன்றும் இருவகைக் குரல்கள் எழுகின்றன. “பிறர் மலசலம் எடுக்கவா பெண்ணைப் பெற்று வளர்த்தாய்?” என்பது ஒரு குரல். “எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிடு, குடும்பம் தலைநிமிர்ந்துவிடும்” என்பது மற்றொரு குரல். முதற்குரல் தொழிலை இழிவாக்குகிறது. இரண்டாம் குரலோ தொழிலையே மறந்து விமானத்தை மட்டும் நினைக்கிறது. ஒன்றுக்கொன்று பகைபோல் தோன்றும் இவ்விரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளே. அத்தாயின் பெயர் அறியாமை.

இந்த அறியாமைக்கு விலை கொடுத்தவர்கள் பேசியவர்கள் அல்லர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்த பெண்கள். அவர்கள் கொடுத்த விலையை மலேசியத் தமிழ்ச் சமுதாயம் இன்னும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. கணக்கிடாத காரணத்தால் அதே விலையை அவர்தம் பேத்திகளும் கொடுக்கும் நிலை வந்திருக்கிறது.

தொழிலின் மாண்பு

முதலில் இழிவுரைப்போர்க்கு விடை கூறுதல் வேண்டும். மருத்துவம் நான்கு உறுப்புகளைக் கொண்டது என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் வகுத்துக் காட்டினார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நோயாளியின் அருகிருந்து மருந்தளித்துப் பேணும் ‘உழைச்செல்வான்’ என்பவனை நான்காவது உறுப்பாக வைத்தார். மருத்துவர்க்கு ஒப்ப எண்ணப்பட்ட அந்த நான்காம் உறுப்பே இன்றைய தாதியர். குறளை மனனம் செய்து மேடையில் ஒப்புவிக்கும் பிள்ளைகளைக் கைதட்டிப் பாராட்டும் பெற்றோர், அதே குறள் உயர்த்திய பணியை வீட்டுக்குள் இழித்துப் பேசுவது எத்தகைய முரண்பாடு!

தாதிமை என்பது இரக்க குணம் மட்டும் கொண்டு செய்யப்படும் வேலையுமன்று. 1860 ஆம் ஆண்டில் இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளி, அதனைப் பயின்று பெறவேண்டிய ஒரு கல்வியாக ஆக்கியது. தமிழகத்து வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909 ஆம் ஆண்டிலேயே தாதியர் பள்ளி ஒன்றை நிறுவினார். 1946 இல் அங்குப் பட்டப் படிப்பும் தொடங்கிவிட்டது. தமிழ்மண்ணில் தாதியர் கல்வி நூறாண்டைக் கடந்துவிட்ட பின்னரும் அதனை வேலைக்காரி வேலை என்போர், காலத்தைப் பின்னோக்கி நடத்த முயல்வோரே ஆவர்.

பிரிட்டனின் தேவை

1948 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் ஐந்தாம் நாள் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை நடைமுறைக்கு வந்தது. செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி யாவருக்கும் இலவச மருத்துவம் என்ற அந்த உயர்ந்த திட்டத்திற்கு ஆயிரக்கணக்கான தாதியர் தேவைப்பட்டனர். உள்நாட்டில் போதிய பெண்கள் கிடைக்கவில்லை. எனவே அயர்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள், மொரிசியஸ், ஹாங்காங் முதலிய இடங்களிலிருந்து இளம்பெண்கள் மாணவத் தாதியராக வரவழைக்கப்பட்டனர். அவ்வரிசையில் மலாயாவும் பின்னர் மலேசியாவும் முக்கிய இடம்பெற்றன. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், சிரம்பான், ஈப்போ முதலிய ஊர்களிலிருந்து தமிழ்ப் பெண்களும் சென்றனர். முதலில் சென்றோர் துறைமுகங்களில் கப்பலேறினர். 1965 இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்ட பின்னர்ச் சென்றோர் அங்கே மாலைகளோடு வழியனுப்பப்பட்டனர்.

அக்காலத்தில் மாணவத் தாதிக்குப் படிக்கும்போதே ஊதியம் உண்டு. தங்குவதற்கு மருத்துவமனை விடுதியும் உண்டு. கட்டணம் கட்ட வழியற்ற குடும்பங்களுக்கு இது தேவாமிர்தமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் அந்த ஊதியம் எதற்காக என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. மாணவியாக அழைக்கப்பட்ட பெண், நோயாளிக் கூடத்தில் வேலையாளாகவும் எண்ணப்பட்டாள். இரவுப்பணி, படுக்கை மாற்றுதல், கழுவுதல், துடைத்தல் எனக் கூடத்தின் அன்றாட உழைப்பில் பெரும்பகுதி மாணவியர் தோள்களின்மீதே நின்றது. ஆகவே பிரிட்டன் தந்தது தருமமன்று. வாங்கிய உழைப்புக்குக் கொடுத்த கூலி. இதனை உணராதவர்களே, “வெள்ளைக்காரன் இலவசமாகப் படிக்க வைத்தான்” என்று இன்றும் நன்றிப்பா பாடுகின்றனர்.

அந்த நன்றிக்குப் பிரிட்டன் அரசியல்வாதி ஒருவர் அளித்த மறுமொழியும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1960 முதல் 1963 வரை அந்நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்தவர் ஈனோக் பவல். அவர் பொறுப்பில் இருந்த மருத்துவமனைகளில் வெளிநாட்டு மாணவத் தாதியர் சேர்ந்தவண்ணம் இருந்தனர். அதே பவல்தான் 1968 ஏப்ரலில் பர்மிங்ஹாம் நகரில், குடியேறிகளால் நாடு அழியும் என்ற பொருள்பட நஞ்சு கக்கினார். தேவைப்பட்டபோது கை, தேவை தீர்ந்ததும் பகை! பிறநாட்டுத் தேவையை நம்பிப் பிள்ளையை அனுப்புவோர் இப்பாடத்தை மறத்தலாகாது.

இரண்டு ஆண்டும் மூன்று ஆண்டும்

இவை யாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. அதனை வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. பிரிட்டனில் அன்று பொதுத் தாதியர்க்கு இருவகைப் பயிற்சி இருந்தது. ஒன்று மூன்றாண்டுப் பயிற்சி. அதனை முடித்தவர் ‘எஸ்.ஆர்.என்.’ எனப்படும் அரசுப் பதிவுபெற்ற தாதியாவார். மற்றொன்று இரண்டாண்டுப் பயிற்சி. அதனை முடித்தவர் ‘எஸ்.இ.என்.’ எனப்படும் அரசுப் பட்டியல் தாதி. 1943 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான இந்த இரண்டாம் நிலை, முதல் நிலைக்கு உதவியாக வகுக்கப்பட்டது. முதலாமவர் கூடத்தின் தலைமைத் தாதியாக உயரலாம், மேற்பயிற்சிகளுக்குச் செல்லலாம், பிற நாடுகளிலும் தகுதியுடையவராக மதிக்கப்படலாம். இரண்டாமவர்க்குப் பதவி உயர்வின் கதவு பெரும்பாலும் சாத்தியே கிடந்தது. அவர் பெற்ற சான்றிதழ் பல தாயகங்களில் முழுத்தாதிக்குரிய தகுதியாக ஏற்கப்படவுமில்லை.

வெளிநாட்டிலிருந்து சென்ற பெண்களுள் பலர், தகுதி இருந்தும் இந்த இரண்டாண்டு வழியிலேயே திருப்பிவிடப்பட்டனர் என்பது பிரிட்டனிலேயே பின்னர் வெளிவந்த உண்மை. உள்நாட்டுப் பெண்கள் செல்லத் தயங்கிய மனநோய் மருத்துவமனைகளுக்கும் முதியோர் மருத்துவமனைகளுக்கும் அவர்களே மிகுதியாக அனுப்பப்பட்டனர். சென்று சேர்ந்த பின்னரே வேறுபாட்டை அறிந்தவர் பலர். அறிந்த பின் என் செய்வது? திரும்பி வரப் பயணச் செலவில்லை. திரும்பினாலோ ஊர் சிரிக்கும். ஆகவே வாய்மூடி உழைத்தனர். ஊருக்குப் பணம் அனுப்பினர். கடிதத்தில் “நலம்” என்று எழுதினர். பிரிட்டனில் புதிய கல்வித்திட்டம் வந்து எஸ்.இ.என். பயிற்சி நிறுத்தப்பட்ட காலத்தில், பல்லாண்டு பணிசெய்த நடுவயதுப் பெண்கள் முதல்நிலைக்கு மாற மீண்டும் மாணவியராகிப் படிக்க வேண்டியதாயிற்று. ஓராண்டு வேறுபாடு என்று காகிதத்தில் தோன்றியது, ஒரு வாழ்நாள் வேறுபாடாக முடிந்தது.

குற்றம் யாருடையது? பிரிட்டனின் குற்றம் பெரிதே. அதனைக் குறைத்துக் கூறவேண்டியதில்லை. ஆயினும் மாலை போட்டு அனுப்பிய சமுதாயம், “மகளே, நீ எந்தப் பயிற்சிக்குச் செல்கிறாய்? அதன் சான்றிதழ் எங்கெங்குச் செல்லும்?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டதா? மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். நிலம் வாங்கப் போகிறவன் பட்டாவைப் புரட்டிப் பார்க்கிறான். மகளின் மூன்றாண்டு வாழ்வை ஒப்படைக்கப் போகிறவன் எதையும் பார்க்காமல் ஒப்படைத்தான். இக்குற்றத்தைத் தமிழ்ச் சமுதாயம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஓடிப்போனவர்களா?

வெளிநாட்டில் தங்கிவிட்ட இப்பெண்களை, “நாட்டை மறந்தவர்கள், இனத்தை உதறியவர்கள்” என்று பழிப்பதும் சிலர்க்கு வழக்கமாகிவிட்டது. இது நெஞ்சில் ஈரமற்றோர் பேச்சு. 1968 ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், குடியுரிமை இல்லாத தொழிலாளர் வேலைப் பெர்மிட் இன்றி வேலைசெய்ய இயலாத நிலை ஏற்பட்டது. சிவப்பு அடையாளக் கார்டை வைத்திருந்த தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினர். பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதால் அதற்கு முன்பே பலர் லயங்களை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தனர். அத்தகைய காலத்தில், தம்பி தங்கையரைப் படிக்கவைக்கவும் பெற்றோர்க்கு ஒரு கூரை அமைக்கவும் இங்கிலாந்தின் குளிரில் இரவுப்பணி செய்த பெண்ணை ஓடிப்போனவள் என்று சொல்லும் நாக்கு எத்தகைய நாக்கு! அவள் அனுப்பிய பணத்தில் படித்து, இன்று கழுத்துப்பட்டை கட்டி மேடையேறிப் பெண்கள் அடக்கத்தைப் பற்றி உரையாற்றும் தம்பிமாரும் இந்நாட்டில் இல்லாமலில்லை.

மற்றோர் உண்மையையும் ஈண்டுக் கூறுதல் கடன். அன்று சென்றோருள் பெரும்பாலோர் நகரத்து ஆங்கிலப் பள்ளியில் பயின்றவர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கு அந்த இரண்டாண்டுப் பயிற்சியின் வாயிலும் எட்டாத உயரத்தில் இருந்தது. அவள் விடியற்காலையில் பால்வாளியைத் தூக்கினாள்; அவ்வளவே. ஏமாற்றப்பட்டவர்க்காக இரங்கும்போது, ஏமாறுவதற்குரிய வாய்ப்புக்கூடக் கிட்டாதவர்களையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இன்றைய செராஸ்

பழங்கதை ஏன் என்று வினவுவோர் செராஸ் வட்டாரத்தை ஒருமுறை சுற்றி வருதல் நன்று. அங்குப் பண்டார் துன் ரசாக்கில் தேசியப் பல்கலைக்கழகத்தின் போதனா மருத்துவமனை 1997 முதல் இயங்கி வருகிறது. துவாங்கு முஹ்ரிஸ் வேந்தர் மருத்துவமனை என்பது அதன் இன்றைய பெயர். தாதியர் பட்டப் படிப்பு உள்ள பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை அது. தாமான் கன்னோட்டில் உள்ள தனியார் பல்கலைக்கழகத்திற்குப் பற்பல நாட்டு மாணவர்கள் விமானமேறி வந்து படிக்கின்றனர். பிறர் கடல் கடந்து வந்து சேரும் செராஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், தன் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் மருத்துவமனையில் என்ன படிக்கலாம் என்பதை அறியாள். ஆனால் அந்நியநாட்டுக் கல்லூரியின் வண்ணக் கையேடு அவள் வீட்டு மேசைமீது கிடக்கிறது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழி செராஸுக்கென்றே பிறந்தது போலும்!

அன்று இருந்த நிலைமையும் இன்று தலைகீழாகிவிட்டது. அன்று மாணவிக்கு ஊதியம் கொடுத்தார்கள். இன்று மாணவியிடம் கட்டணம் வாங்குகிறார்கள். பிரிட்டனில் தாதியர் கல்வி பல்கலைக்கழகங்களுக்கு மாறியது. 2013 முதல் இங்கிலாந்தில் புதிதாகச் சேர்வோர் யாவரும் பட்டப் படிப்பே படிக்க வேண்டும். 2017 இல் அந்நாட்டு மாணவர்க்கே உதவித்தொகை நிறுத்தப்பட்டது. வெளிநாட்டு மாணவியோ ஆண்டுதோறும் பல்லாயிரம் பவுன் கட்டணம் செலுத்தவேண்டும். உணவும் உறையுளும் வேறு. படிப்புக் காலத்தில் 2,300 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி முடித்தல் வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. “பகுதிநேர வேலை செய்து கட்டணத்தைச் சமாளித்துக் கொள்ளலாம்” என்று கூறும் முகவர், இரவுப்பணி முடித்து வந்த பெண் எந்நேரத்தில் அந்த வேலையைச் செய்வாள் என்பதைச் சொல்வதில்லை.

அப்படியாயின் வெளிநாட்டுக் கல்வியே வேண்டாமா என்று கேட்கலாம். அவ்வாறு கூறுவது அறிவுடைமையாகாது. வசதியும் தெளிவும் உடையோர் எங்குச் சென்றும் கற்கலாம். கற்றுவந்து உலகைக் காட்டலாம். வெளிநாடு செல்ல மற்றொரு நேரிய வழியும் உண்டு. மலேசியாவில் பயின்று, 1950 ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவுபெற்று, பணியனுபவமும் ஆங்கிலத் தேர்ச்சியும் பெற்ற பெண், அதன்பின் தேர்வெழுதிப் பிரிட்டன் பதிவேட்டில் இடம்பெறலாம். சிங்கப்பூர் மருத்துவமனைகள் மலேசியத் தாதியரை வரவேற்றுக்கொண்டே இருக்கின்றன. இவ்வழியில் செல்பவள் கடனாளியாகச் செல்வதில்லை. தொழிலாளியாகத் தகுதியோடு செல்கிறாள். முன்னது மகளை அடகு வைத்துச் செல்லும் பாதை. பின்னது மகள் தன் காலால் நடந்து செல்லும் பாதை.

உள்நாட்டிலும் கண்மூடி நடக்கலாகாது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் தாதியர் கல்லூரிகள் மழைக்காலக் காளான்போல் முளைத்தன. உயர்கல்விக் கடன் கிடைத்தது, சேர்க்கை பெருகியது, படித்து முடித்தோர்க்கோ வேலை கிடைக்கவில்லை. இந்நிலை முற்றியதால் 2010 இல் புதிய தாதியர் பாடத்திட்டங்களுக்கு அரசே தடை விதித்தது. கடன் மட்டும் மாணவியின் தலைமீது நின்றது. பின்னர்க் காலம் மாறி, இன்று தாதியர் பற்றாக்குறை என்ற பேச்சே எங்கும் கேட்கிறது. சந்தையின் ஏற்ற இறக்கத்தை முகவரும் கல்லூரி விளம்பரமும் ஒருபோதும் எடுத்துச் சொல்லா. அதனைச் சொல்ல வேண்டியவர் வேறொருவர்.

ஆசிரியர் கடமை

அவ்வொருவர் ஆசிரியரே. தோட்டத்திலும் நகரத்திலும் தமிழ்ப் பெற்றோர் நம்பிக்கையோடு அணுகி யோசனை கேட்கும் மனிதர் இன்றும் தமிழாசிரியர்தாம். அந்த ஆசிரியர், “எனக்குத் தெரிந்தது இலக்கணம், இதெல்லாம் என் வேலையன்று” என்று ஒதுங்குவாரானால், அவ்விடத்தை முகவர் பிடித்துக்கொள்வார். ஒரு பெற்றோர் வந்து நின்றால் கேட்கச் சொல்லவேண்டிய கேள்விகள் ஐந்தே. இந்தப் படிப்பின் முடிவில் கிடைப்பது எந்நிலைச் சான்றிதழ்? படிக்கும் நாட்டின் தாதியர் மன்றம் அதனை ஏற்கிறதா? மலேசியத் தாதியர் வாரியம் அதனை ஏற்றுப் பதிவு தருமா? பயிற்சிக்கென எந்த மருத்துவமனை ஒதுக்கப்பட்டுள்ளது? இடையில் நோயுற்றாலோ தேர்வில் தவறினாலோ கடனை அடைப்பவர் யார்? இவ்வைந்துக்கும் எழுத்தில் விடை தராத கல்லூரியின் வாயிலைப் பெண் மிதிக்கக்கூடாது. அன்று சுபாங்கில் மாலையோடு நின்றவர்கள் முதற் கேள்வியை மட்டுமேனும் கேட்டிருந்தால், எத்தனையோ பெண்களின் வாழ்வு வேறு திசையில் சென்றிருக்கும்.

இரண்டாவது கடமை வகுப்பறையில் இருக்கிறது. தாதியர் கல்விக்கு மலாய், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். மருந்தின் அளவைக் கணக்கிடுகையில் ஒரு தசமப்புள்ளி இடம் மாறினால் ஓர் உயிர் போகும். ஆகவே நான்காம் வகுப்பில் தசமப்பின்னத்தைத் தெளிவாகக் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே தாதியர் கல்லூரியின் முதல் விரிவுரையாளர் என்று கூறின் மிகையாகாது.

இவ்விடத்தில், “தாதியாக வேண்டுமானால் அறிவியலை ஆங்கிலத்தில்தானே படிக்க வேண்டும்? தமிழ்ப்பள்ளி எதற்கு?” என்று எழும் வாதத்தையும் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. 2003 இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. சில ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2016 இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் மறுபடி வந்தது. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் மாறாத உண்மை ஒன்றே. இரத்தம் ஏன் உறைகிறது, காய்ச்சல் ஏன் வருகிறது என்பதைத் தாய்மொழியில் புரிந்துகொண்ட பிள்ளை, அதற்குரிய மலாய்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பின்னர் எளிதில் ஏற்றிக்கொள்ளும். புரியாத பிள்ளைக்கு எம்மொழிச் சொல்லும் வெறும் ஒலியே. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாடமாக நன்கு கற்பிப்பதே அதற்கு வழி. அறிவியலைப் பலிகொடுப்பது வழியாகாது.

மேலும் நோயாளியின் மொழி ஒன்று உண்டு. வயது முதிர்ந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் செராஸ் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார் என்று கொள்வோம். அவர் தம் வலியைக் குத்தல் என்பார், குடைச்சல் என்பார், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, பிசைவு என்பார். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. ஒவ்வொன்றும் வேறொரு நோய்க்குக் குறி. இவை யாவற்றையும் ‘சாக்கிட்’ என்ற ஒரே மலாய்ச் சொல்லால் மொழிபெயர்த்தால் மருத்துவர் எதை அறிவார்? அக்கட்டிலருகே தமிழறிந்த தாதி ஒருத்தி நின்றால், அவள் மூன்று மொழிகளையும் இணைக்கும் பாலமாவாள். தமிழ்ப்பள்ளியில் படித்ததால் தடையுண்டு என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கு, அக்கல்வியே அங்குத் தனித்தகுதியாக நிற்கிறது.

எனவே தமிழாசிரியர்களும் அவர்தம் வழிவந்து நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களும் சிந்தித்தல் வேண்டும். தாதிமையை இழிவென்போரின் வாயை வள்ளுவர் துணைகொண்டு அடைத்தல் வேண்டும். அயல்நாடு என்ற சொல்லே தகுதி என்போரின் மயக்கத்தை வரலாற்றைக் காட்டித் தெளிவித்தல் வேண்டும். ஆறாம் வகுப்புப் பெண்ணின் கணக்குப் புத்தகத்தைத் திருத்தும்போது, அதில் விடும் ஒவ்வொரு பிழையும் நாளை ஒரு வாயிலை அவளுக்கு அடைக்கும் என்பதை உணர்தல் வேண்டும். ஒரு தலைமுறைப் பெண்கள் கேள்வி கேட்கத் தெரியாமல் அனுப்பப்பட்டார்கள். அடுத்த தலைமுறைப் பெண், சான்றிதழைக் கையில் வாங்குமுன் அதன்மேல் எழுதியிருப்பதைத் தானே படித்து, தானே கேட்டு, தானே முடிவு செய்பவளாக விளங்குதல் வேண்டும். அப்படிப்பட்டவளை உருவாக்குவது தமிழ்ப்பள்ளியின் வேலை. அவ்வேலையை முகவரிடம் விட்டுவிட முடியாது.